மானிட்டருக்கு வாய் கிடையாது

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் டிரான்ஸ்பார்மர். நாள் முழுவதும் உள்ளுக்குள் உர்ரென்று எதையோ முனகிக்கொண்டே இருப்பாள். எந்த நேரத்தில் வெடிப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்துவிட்டால் அக்கம்பக்கம் எல்லாம் கப்சிப். தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கும் தெரியும்.

"வச்சுட்டுப் போகட்டும். நான் இல்லேன்னா இவனுங்க வீட்ல எது ஓடும்?" என்பாள்.

அதில் பொய்யில்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய காயிலை உளியால் வெட்டி எடுத்து, புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கட்டித் தருவது அவள் தொழில். கடைத்தெருவின் கடைசியில், இரண்டு சைக்கிள் நிறுத்தினால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு பட்டறை. உள்ளே நுழைந்தாலே வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். அறுபது வயதிலும் கண்ணாடி போடாமல் கம்பியின் தடிமனை விரலால் உருட்டியே சொல்லிவிடுவாள். மிக்சியோ மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ, அவள் சுற்றிக் கொடுத்தது மறுபடி அவளிடம் வந்ததில்லை.

ஆனால் ஒரு கம்பெனி செய்து விற்ற மோட்டார்கள் மட்டும் எரிந்துபோய் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். ஊரிலேயே பெரிய மோட்டார் கம்பெனி அது. மூடியைக் கழற்றி உள்ளே காயிலைக் கட்டியிருக்கும் நூலைப் பார்ப்பாள். முடிச்சு இடப்பக்கம் சரிந்து, அவசரத்தில் போட்டது போல இருந்தால் போதும், பட்டறை அதிரும்.

"வந்துட்டான்யா மகராசன்! ஒரு முடிச்சுப் போடத் துப்பில்ல, இவனுக்கு ஒரு வேலை, இவனுக்கு ஒரு யூனிபாரம்!"

அந்த முடிச்சு அவளுடைய கூடப்பிறந்த தம்பி போட்டது. அவனோடு அவள் பேசி முப்பத்தாறு வருடங்கள் ஆகியிருந்தன.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அப்பாவும் அந்தக் கம்பெனியில்தான் காயில் சுற்றும் பிரிவில் பெரிய கை. அங்கே அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வு பெறுகிறவர் விடைபெறும் கூட்டத்தில் மேடையேறி, தன் பிள்ளைகளில் ஒருவரை மைக்கில் சொல்ல வேண்டும். மேனேஜர் அங்கேயே எழுதிக்கொள்வார். அந்தப் பிள்ளைக்கு வேலை உறுதி. மகளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. வீட்டுக்கு வரும் சில்லறை மோட்டார்களை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் சுற்றுவாள். தம்பி அவளுக்கு இரண்டு வயது இளையவன். அவனுக்குக் கம்பியைப் பார்த்தாலே கொட்டாவி வரும். கூட்டத்துக்குக் கிளம்பிய காலையில் அப்பா அவள் தலையில் கை வைத்து, "உன் பேரைத்தான் சொல்லப்போறேன்" என்றார். அம்மா படுத்த படுக்கை என்பதால் அவளால் கூடப் போக முடியவில்லை. தம்பி போனான்.

சாயங்காலம் திரும்பி வந்த அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேம்மா. இவன் மேடையில ஏறி என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சிட்டான். நாலு பேர் முன்னாடி நான் என்ன பண்ணுவேன்?" என்றார். தம்பி வாசற்படியில் தலையைக் குனிந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் நின்ற அந்தத் தலையை அவள் மறக்கவே இல்லை. அப்பா இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், மகளைப் பெற்றாள், கணவனையும் பறிகொடுத்தாள். எல்லாம் நடந்தது. தம்பி மட்டும் அவளுக்கு இல்லாமலே போனான். அப்பாவின் படம் கூடத்துச் சுவரில் இருந்தது. தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன் அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள்.

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி கையில் கனமான பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, உள்ள வரலாமா?"

"கதவு திறந்துதானே இருக்கு. என்ன விஷயம்?"

"சனிக்கிழமை அவருக்கு ரிட்டயர்மெண்ட். கம்பெனியில கூட்டம் வச்சிருக்காங்க."

"அதுக்கு?"

"நீங்க வரணும்."

"எதுக்கு? கை தட்டறதுக்கா?"

தம்பி மனைவி பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று பழைய வீடியோ டெக். முன்பெல்லாம் வீட்டில் படம் போட்டுப் பார்ப்பார்களே, அந்தப் பெட்டி. இன்னொன்று கறுப்புக் கேசட். அதன் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் அப்பா ஓய்வு பெற்ற தேதி மட்டும் எழுதியிருந்தது.

"கம்பெனி ஆபீஸ்ல பழைய பீரோவைக் காலி பண்ணியிருக்காங்க. அந்தக் காலத்துக் கூட்டமெல்லாம் கேசட்டுல இருந்துச்சாம். இது மாமாவோடது. அவர் கொண்டாந்து பரண்மேல ஒளிச்சு வச்சுட்டார். அவருக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்தேன். நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க அண்ணி. அப்புறம் வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்." அவள் கண் கலங்கியது. "எங்க வீட்டு டி.வி.யில போட்டா நல்லாத் தெரியுது. அங்க வந்து..."

"உங்க வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்னு சொல்லி முப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு கேசட்டுக்காக மிதிக்கணுமா?"

அவள் போய்விட்டாள். டெக்கும் கேசட்டும் மேசைமேல் இருந்தன. டிரான்ஸ்பார்மர் வீட்டில் டி.வி. இல்லை. போன வருடம் வரை இருந்தது. ஒரு தொடரில், அக்கா சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய தம்பி ஒருவன் காலில் விழுந்து கதறி அழுதான். அந்தக் காட்சியில் இவள் கையிலிருந்த ஸ்பானரை அவன் மூஞ்சிக்குக் குறி வைத்து எறிந்தாள். தம்பி தப்பித்துக்கொண்டான், டி.வி. போய்விட்டது. இப்போது வீட்டில் திரை என்று இருந்தது ஒன்றுதான். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் மானிட்டர்.

அதைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து முதுகைத் திருப்பிப் பார்த்தாள். டெக்கின் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று உருண்டைக் குழிகள். மானிட்டரின் முதுகில் நீல நிறத்தில் தட்டையான குழி, அதற்குள் மூன்று வரிசை ஊசித் துளைகள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "நானும் அவனும் மாதிரிதான்" என்று முனகினாள்.

இருந்தாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கேசட்டில் அவன் கெஞ்சியது இருக்கும். அதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை ஊரே கூடி அவனைப் பாராட்டும்போது, எழுந்து நின்று, "இவன் திருடன்" என்று சொல்ல வேண்டும். கையில் சாட்சி இருக்கும்போது யார் வாயை மூட முடியும்?

வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு அவளைத் தெரியும். எரிந்த மிக்சி மோட்டார்களை அவளிடம்தான் அனுப்புவார்.

"வாங்கக்கா. என்ன வேணும்?"

"ஒரு பக்கம் மஞ்சள் குழி, ஒரு பக்கம் நீலக் குழி. நடுவுல ஒரு டப்பா வருமாமே. அது ஒண்ணு குடு."

"எதுலேர்ந்து எதுக்குக்கா மாட்டப் போறீங்க?"

"ஏன்யா, என்கிட்டயே பாடம் நடத்தறியா? நாப்பது வருஷமா வயரோடதான் குடும்பம் நடத்துறேன். கேட்டதைக் குடு."

அவர் கேட்டதைக் கொடுத்தார்.

வீட்டில் வந்து எல்லாவற்றையும் மாட்டினாள். மஞ்சள் வயர் டெக்கிலிருந்து டப்பாவுக்கு, நீல வயர் டப்பாவிலிருந்து மானிட்டருக்கு. சிவப்பும் வெள்ளையும் போக இடமில்லாமல் மேசையோரம் தொங்கின. டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்தது. டெக்கில் கேசட் கரகரவென்று சுற்றத் தொடங்கியது. மானிட்டரில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நிதானமாக உலா போனது.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பெரிய மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால், வருகிற மூன்று வயரில் இரண்டை மாற்றிப் போட்டால் போதும், சரியான பக்கம் சுற்ற ஆரம்பிக்கும். வயர் என்றால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் அவள் கற்ற முதல் பாடம். டப்பாவைத் திருப்பி வைத்தாள். மஞ்சள் வயரை டெக்கின் வேறொரு குழியில் செருகினாள். அதைப் பிடுங்கி இதில், இதைப் பிடுங்கி அதில். ஒரு மணி நேரம் போனது. கட்டம் உலா போய்க்கொண்டே இருந்தது.

டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் நடந்த வேகத்தைப் பார்த்து, எதிரே வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள்.

"ஓட்டை டப்பாவை என் தலையில கட்டிட்டியா?"

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். "என்ன மாட்டினீங்க, இப்பவாவது சொல்லுங்க."

"வீடியோ டெக்கை மானிட்டர்ல மாட்டினேன்."

"அதான் அப்பவே கேட்டேன்! இது கம்ப்யூட்டர் படத்தை டி.வி.க்கு அனுப்பற டப்பா. உங்களுக்கு வேண்டியது, டெக் படத்தை மானிட்டருக்கு மாத்திக் குடுக்கிற டப்பா."

"ரெண்டுலயும் அதே குழிதானே இருக்கு?"

"குழி அதேதான். போற பக்கம் வேற. இது ஒருவழிப் பாதைக்கா."

"திருப்பி மாட்டினேனே!"

"திருப்பி மாட்டினா திருப்பிச் சுத்தறதுக்கு இது என்ன உங்க மோட்டாரா?" கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே தொண்டையில் நின்றது.

கடைக்காரர் வேறு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "அக்கா, இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இதுல படம் மட்டும்தான் வரும். மானிட்டருக்கு வாய் கிடையாது. சத்தத்துக்குத் தனியா..."

"எனக்கு வாய் இருக்கு, அது போதும்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

இந்தத் தடவை படம் வந்தது.

முதலில் திரை முழுக்கப் பனி பெய்வது போல வெள்ளைப் புள்ளிகள். பிறகு குறுக்கே கோடுகள். பிறகு, கோடுகளுக்கு நடுவிலிருந்து, அப்பா வந்தார்.

முப்பத்துநாலு வருடங்களாகச் சுவரில் அசையாமல் இருந்த முகம் அசைந்தது. இஸ்திரி போட்ட சட்டை, காதோரம் நரை, கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன வலது கை. அப்பா மைக்கின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். சத்தம் இல்லை. ஏதோ சொன்னார். அடுத்த நொடி, திரையின் ஓரத்திலிருந்து ஒரு ஒல்லிக்குச்சி மேடைமேல் தாவி ஏறினான். தம்பி! ஓடிவந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தான். காதருகே வாயை வைத்துப் படபடவென்று என்னவோ சொன்னான். தலையை ஆட்டினான். கையைப் பிடித்து இழுத்தான். அப்பா சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைத் தட்டினார். பிறகு மைக்கைப் பார்த்துப் பேசினார். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மேனேஜர் குனிந்து எழுதினார்.

"பார்த்தியா! பார்த்தியா!" வெறும் வீட்டில் அவள் கத்தினாள். அப்பா சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே நடந்திருந்தது. "கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டான்னார். பிடிச்சிருக்கானே! பிடிச்சிருக்கானே, பாவி!"

மகளுக்குப் போன் போட்டுத் தம்பியின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். மகள் பயந்துபோய் ஏதோ கேட்பதற்குள் துண்டித்து, அந்த எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" என்றது ஒரு கிழக்குரல். தம்பிக்கும் வயதாகியிருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் கோபம் குறையவில்லை.

"யாரா? உன்னால பட்டறையில வெந்து சாகறவ பேசுறேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா..."

"அந்த வார்த்தையைச் சொல்லாத! கேசட்டைப் பார்த்துட்டேன்டா. குரங்கு மாதிரி மேடையில தாவினியே, அதைப் பார்த்துட்டேன். அப்பா கையைப் பிடிச்சு இழுத்தியே, அதையும் பார்த்துட்டேன். நாளைக்கு வரேன். உன் கூட்டத்துக்கு வந்து, உன் ஆளுங்க முன்னாடியே உன் மானத்தை வாங்கலைன்னா கேளு!"

"கேசட் எப்படி உன்கிட்ட..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "சத்தம் வந்துச்சா, அக்கா?"

"சத்தம் எதுக்குடா? எனக்குக் கண்ணு இருக்கு."

"அப்போ சத்தம் கேக்கல."

"கேக்கல. மானிட்டருக்கு வாய் கிடையாதாம்."

"நல்லதாப் போச்சு" என்றான். "அதோட விட்டுடு. நாளைக்கு வா, வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டு. நான் நின்னு கேட்டுக்கறேன். ஆனா அதுக்குச் சத்தம் மட்டும் வைக்காத. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

போனை வைத்தபின் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திட்டு வாங்கத் தயாராக இருக்கிறவன் சத்தத்துக்கு ஏன் பயப்படுகிறான்? டிரான்ஸ்பார்மரிடம் ஒரு காரியத்தைச் செய்யாதே என்று சொன்னவர்கள் யாரும் பிழைத்ததில்லை.

பரணிலிருந்து மகளுடைய பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களை இறக்கினாள். அதன் வயர் முனையில் ஊசி போல ஒரு பிளக். டெக்கில் இருப்பதோ உருண்டைக் குழி. ஆனால் இது வெறும் சத்தம். சத்தத்துக்கு டப்பா கிப்பா ஒன்றும் தேவையில்லை. கம்பியோடு கம்பி சேர்ந்தால் போதும். இது அவளுடைய ராஜ்ஜியம். மேசையோரம் தொங்கிய வெள்ளை வயரின் கடைசி முனையை வெட்டினாள். ஸ்பீக்கர் வயரின் ஊசியையும் வெட்டி எறிந்தாள். தோலைச் சீவி, உள்ளே இருந்த மெல்லிய கம்பிகளைப் பிரித்து, அப்பாவைவிட அழகாக முறுக்கி, பற்றவைத்து, டேப் ஒட்டினாள். கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை அது கேட்டது. அந்தச் செருமலிலேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் பையன் பேரை எழுதிக்கங்க சார்" என்றார் அப்பா.

தடதடவென்று காலடிச் சத்தம். பிறகு, மைக்குக்கு வெகு அருகில், இருபத்திரண்டு வயதுத் தம்பியின் குரல்: "அப்பா! அக்கா பேரைச் சொல்லுங்க! காலையில அக்காகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தீங்க? அவ காத்துக்கிட்டிருப்பாப்பா. எனக்கு முடிச்சுக்கூடப் போட வராது. அக்காவுக்குக் குடுங்கப்பா!"

தலையைத் தலையை ஆட்டியது இதற்குத்தான். கையைப் பிடித்து இழுத்தது இதற்குத்தான்.

திரைக்கு வெளியிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "உங்க பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரியாமே?"

"கெட்டிக்காரிதான் சார்" என்றார் அப்பா, மகன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே. "என் கையைவிட அவ கை நல்ல கை. அதனாலதான் வேணாங்கறேன். அவ வந்து இங்க உக்காந்தா, அடுத்த வருஷம் எவனுக்கு என் பேரு ஞாபகம் இருக்கும்? அப்பனைவிடப் பொண்ணு தேவலைன்னு நீங்கள்லாம் சொல்றதை நான் கேக்கணுமா? இவன்னா பயமில்ல. இவன் சுத்தின மோட்டாரைப் பார்த்தாத்தான் என் அருமை தெரியும்!"

கூட்டம் சிரித்தது. ஓ என்று, விழுந்து விழுந்து, கைதட்டிச் சிரித்தது.

மூன்று தடவை பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள். மூன்று தடவையும் அதே சிரிப்பு. நாலாவது தடவை பட்டனை அழுத்தப்போன கை பாதியில் நின்றது. எழுந்து சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்றாள். காலையில் துடைத்த கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"பொறாமையாப்பா?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "பெத்த பொண்ணு மேலயா? உங்க எச்சில் தட்டைக் கழுவிட்டு, உங்க பக்கத்துல உக்காந்து கம்பி சுத்தினேனே, அந்தக் கையைப் பார்த்தா பொறாமைப்பட்டீங்க?" பிறகு குரல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. "சரி, பட்டீங்க. தொலையட்டும்! வீட்டுக்கு வந்து அவன்மேல பழியைப் போட்டீங்களே! அவன் பிடிச்ச கையையே எடுத்து அவனுக்கு எதிராச் சாட்சி சொன்னீங்களே! என் தம்பியை என்கிட்டேர்ந்து திருடினது நீங்களா? நீங்களா?"

படம் பதில் சொல்லவில்லை. படத்துக்கு எப்போது வாய் இருந்தது! அவள் அதை ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி தரையில் சாய்த்து வைத்தாள். உடைக்க மனசு வரவில்லை. உடைக்காமல் இருந்ததற்காகத் தன்மேலும் ஒரு கோபம் வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டை நோக்கி நடந்தாள். வழி அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு வருடங்களாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போகிறவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்?

தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்து, முதுகு வளைந்து, பனியனோடு. அவளைப் பார்த்ததும் கேட்டான்: "சத்தம் வச்சுட்டியா?"

பளாரென்று ஒரு அறை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஏன்டா சொல்லல?"

"அப்பா உன்கிட்ட அப்படிச் சொன்னப்போ, பொய்னு சொல்ல வாயெடுத்தேன் அக்கா. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவரும் போய்ட்டார். உனக்கு அவர்னா உசுரு. செத்தவரை உன்கிட்டேர்ந்து இன்னொரு தடவை பறிக்கணுமான்னு... என்னை வெறுத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"ஓகோ! பெரிய தியாகி!" என்று கத்தினாள். "அது என் கோபம்டா! நான் பாடுபட்டு வளர்த்த கோபம்! அதை யார் மேல காட்டணும்னு முடிவு பண்ண நீ யாரு? அந்த மனுஷன் படத்தைத் தினமும் துடைச்சேன்டா! உன் முடிச்சைப் பார்த்து மாசம் தவறாம காறித் துப்பினேன்டா! ரெண்டையும் மாத்திப் பண்ண வச்சுட்டியேடா!"

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு. அந்த வேலை வேணாம்னு நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கும் ஒரு வேலை வேணும்னு இருந்துச்சு, அக்கா. அதுக்கு மேல எனக்குச் சால்ஜாப்பு இல்ல. அவர் சொன்ன அந்த ஜோக்கைச் சொல்லியே கம்பெனியில முப்பத்தாறு வருஷம் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

தம்பி மனைவி வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் உள்ள வந்து சண்டை போடுங்களேன். தெருவே வேடிக்கை பார்க்குது."

"பார்க்கட்டும்! என்னடா பார்வை?" என்று எதிர்வீட்டு ஜன்னலை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கோபம் தீராத வேகத்திலேயே அவள் உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்து முடித்த பிறகுதான், எந்த வாசற்படியைத் தாண்டி வந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத" என்றாள்.

"நினைக்கல."

"நாளைக்கு எனக்கு மேடையில ஒரு நாற்காலி போடச் சொல்லு. மைக் என் கைக்கு வரணும்."

"என்ன பேசப்போற?"

"பயமா இருக்கா? இருக்கட்டும்."

சனிக்கிழமை கம்பெனி மண்டபம் நிறைந்திருந்தது. மேடை அதே மேடை. திரையில் பார்த்த அதே மரப்படிகள். மேனேஜர் புதியவர். இப்போது வாரிசைச் சொல்லும் வழக்கமெல்லாம் இல்லை. ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, இரண்டு நல்ல வார்த்தை பேசி அனுப்புவார்கள். கடிகாரம் கொடுத்து முடிந்ததும், "குடும்பத்தின் சார்பில் அவருடைய அக்கா பேசுவார்" என்றார்கள். வார்னிஷ் கறை படிந்த நகங்களோடு அவள் எழுந்து வந்தாள். மேடைக்குக் கீழே ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களைத்தான். சத்தம் விழுதா அதுல?"

"விழுதும்மா."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. படம் மட்டும் விழுந்தாப் போதாது."

அவர் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"என் தம்பி சுத்தின மோட்டார்ல பத்துக்கு நாலு எரிஞ்சு என் பட்டறைக்குத்தான் வரும். முடிச்சைப் பார்த்தாலே அவன் கைன்னு தெரிஞ்சுடும்."

கூட்டம் சிரித்தது. ஓ என்று, கைதட்டிச் சிரித்தது. அதே சிரிப்பு.

"சிரிக்காதீங்க!"

மைக் வீறிட்டது. மண்டபம் அடங்கியது.

"இதே மேடையில இதே சிரிப்பை நேத்துதான் கேட்டுட்டு வந்திருக்கேன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா இங்க நின்னு ஒரு ஜோக் சொன்னார். அந்த ஜோக்ல ரெண்டு பிள்ளைங்க செத்துப்போனாங்க. ஒருத்தன் தன்னால முடியாத வேலையில மாட்டிக்கிட்டான். இன்னொருத்தி..." அவள் தன் நெஞ்சைத் தொட்டாள். "இன்னொருத்தி, உங்க கம்பெனி மோட்டாரையெல்லாம் உங்க யூனிபாரம் இல்லாம, இங்க ஒரு நாற்காலி இல்லாம, வெளியில உக்காந்து சுத்திக்கிட்டிருந்தா. அன்னிக்கு இந்த மேடையில எனக்காகப் பேசினது ஒரே ஒரு ஆள். எனக்கு அது நேத்து வரைக்கும் தெரியாது. அது இவன்தான்."

தம்பி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அப்பா பயந்தார். என் கை அவர் கையைவிட நல்ல கைன்னு பயந்தார். அவர் பயந்தது சரிதான்." காய்த்துப்போன இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்துக்கு நேராகக் காட்டினாள். "நல்ல கைதான். இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. அவள் போன் பிடித்திருந்தவரைப் பார்த்தாள்.

"எல்லாம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. கடைசி வார்த்தை வரைக்கும்."

அவள் திரும்பிப் போய்த் தம்பியின் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் மூக்கை முரட்டுத்தனமாகத் துடைத்துவிட்டாள்.

"அழுகையை நிறுத்துடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். "இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கான்."